ஐஸ் பெட்டியில் ஒரு பிடி உப்பு

அந்த வீட்டு மருமகள் மாமியாருக்கு எல்லாம் செய்வாள். முட்டி வலிக்கிறது என்றால் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பாள். மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றால், அது தலைமேலேயே இருப்பதைப் பார்த்தும் சிரிக்காமல் எடுத்துக் கொடுப்பாள். ஒன்றே ஒன்றுதான் செய்ய மாட்டாள். ஊசியில் நூல் கோத்துக் கொடு என்றால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது.

தையல் வேலை நடக்கிற வீட்டில் இது சின்னக் குற்றமா, நீங்களே சொல்லுங்கள். முன்னறையில் ஜன்னல் ஓரமாக ஒரு மிஷின், அதில் மருமகள். எதிரே தரையில் பாய் விரித்து மாமியார். மருமகள் சட்டைகளை ஓட்டி ஓட்டித் தள்ளுவாள். மாமியார் அவற்றை மடியில் வாங்கிப் பொத்தான் தைப்பாள், பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், ஓரம் மடித்துக் கையால் தைப்பாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற சீருடையில் பாதி இந்த இரண்டு பேர் கையில் பிறந்ததுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நூல் கோக்க வேண்டியிருக்கும்! மாமியாருக்கோ கண் மங்கல், கையில் லேசான நடுக்கம்.

"அம்மாடி, இதுல கொஞ்சம் நூலைக் கோத்துக் குடேன். ஓட்டை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல."

"மிஷின்ல கை இருக்கு அத்தை. அவர் வந்ததும் கோத்துத் தரச் சொல்றேன்."

"அவன் வர்றதுக்குள்ள இந்தப் பசங்க எல்லாம் ஸ்கூலை முடிச்சுட்டுக் கல்யாணமே பண்ணிக்குவாங்க."

மருமகள் மிஷினை மிதிப்பாள். மாமியார் நூல் நுனியை எச்சில் தொட்டுத் திரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நாலு தடவை குத்தி, ஐந்தாம் தடவை கோப்பாள். இதோடு போனாலும் பரவாயில்லை. மருமகள் தன் ஊசிகளைத் தனியாக ஒரு நீலப் பஞ்சுருண்டையில் குத்தி, மிஷினின் இழுப்பறைக்குள் பூட்டியே வைத்திருப்பாள். ஒருநாள் அவசரத்துக்கு மாமியார் அதிலிருந்து ஒரு ஊசியை எடுக்க, மருமகள் எழுந்து ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். பிடுங்கினவள் மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. அன்றைக்கு மாமியார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காரணம் இதுதான். மருமகளின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்று ஒரு கிருமி இருந்தது. ஈரலில் போய்க் குடியிருக்கிற கிருமி. அவளைப் பார்த்தால் யாரும் சொல்ல முடியாது. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாக உழைத்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய துணி ஆலையில் வேலை பார்த்தபோது எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு இருக்கிறது என்று வந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மா ஈரல் கெட்டுப்போய்த்தான் இறந்தாள். அம்மாவுக்கே தெரியாது, அந்தக் காலத்தில் யாரும் பார்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆலையில் விஷயம் எப்படியோ கசிந்தது. மறுநாள் எல்லோர் டம்ளரும் தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருக்க, அவளுடையது மட்டும் தனியாக ஜன்னல் மேடையில் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டம்ளர் சொன்னதே போதுமாக இருந்தது. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாமியாரின் மகனிடம் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தடுப்பூசி இருக்குல்ல? போட்டுக்கறேன்" என்றான். மூன்று ஊசி போட்டுக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் கை வலிக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்காட்டினான். "அம்மாகிட்டயும் சொல்லிடலாம்" என்று எத்தனையோ தடவை கேட்டும் பார்த்தான். "வேணாம். எனக்கு இன்னொரு டம்ளரைப் பாக்கத் தெம்பு இல்ல" என்பாள். தையல் ஊசி விரலில் குத்தாத நாள் உண்டா? ஒருத்தி விரலில் குத்தின ஊசி இன்னொருத்தி விரலில் குத்தினால்? அதனால்தான் அந்தப் பூட்டு. மாமியாரின் ஊசியைத் தான் தொட்டால்கூட, தன் விரலில் குத்தி அதில் ரத்தம் பட்டுவிடுமோ என்று பயம்.

அவன் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பதினோரு வருஷமாக அதே வேலை. உப்புத் தண்ணீர் நிரப்பின பெரிய தொட்டி. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றின தகர டப்பாக்களை வரிசையாக இறக்க வேண்டும். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது. ஆனால் டப்பாவுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரைப் பாறையாக்கிவிடும். அதை வெளியே எடுத்துத் தட்டினால் ஆள் உயரத்துக்கு ஐஸ் பாளம். தெருவில் எல்லோரும் அவனை ஐஸ் என்றே கூப்பிட்டார்கள். "ஐஸு, உன் பொண்டாட்டி கூப்பிடுது பாரு" என்பார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

மருமகள் உண்டானாள். பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து எல்லாம் சொன்னார். கடைசி மாதங்களில் தினம் ஒரு மாத்திரை, ரத்தத்தில் கிருமி குறைய. குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசி.

"ஒண்ணு தடுப்பூசி, அது எங்ககிட்ட எப்பவும் இருக்கும். இன்னொண்ணு, கிருமியோட உடனே சண்டை போடுறதுக்குத் தயாரா இருக்கிற மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். அது இந்த ஊர்ல கிடைக்காது. முன்னாடியே வாங்கி ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டுல வெச்சிருங்க. குளிர்ச்சி விடக்கூடாது. அதே சமயம் உறையவும் கூடாது. உறைஞ்சா அது மருந்து இல்ல, வெறும் தண்ணி."

"ரெண்டும் போட்டா வராதா டாக்டர்?"

"நூத்துல தொண்ணூறுக்கு மேல வராது. மாத்திரையும் சாப்பிடுற. இன்னும் நல்லது."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னோடு நிற்கட்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மருந்து வந்தது. கட்டை விரல் அளவு கண்ணாடிக் குப்பி, ஒரு சின்ன அட்டைப் பெட்டிக்குள். அவனிடம் கொடுத்து, "ஏங்க, இதுக்குக் குளிர்ச்சி விடவே கூடாதாம். ஆனா அதுக்காக—" என்று ஆரம்பித்தாள்.

"குளிர்ச்சியைப் பத்தி எனக்கா சொல்ற? பதினோரு வருஷமா நான் என்ன, வெந்நீரா போட்டுட்டு இருக்கேன்?"

"இல்லங்க, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா—"

"நீ பிள்ளையைப் பெத்துக் குடு. குளிர்ச்சியை நான் பாத்துக்கறேன்."

அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். பாதியில் நின்ற பேச்சு அப்படியே நின்றுபோனது. குப்பி நடுத்தட்டில் ஒன்றரை மாதம் பத்திரமாக இருந்தது. மாமியார் கேட்டதற்கு, "பிரசவத்துக்குப் போடுற ஊசி அத்தை" என்றாள். பொய்யில்லை, முழுசுமில்லை.

வலி எடுத்தது ஒரு காலை, பொழுது விடிந்து பால்காரர் மணி அடித்துவிட்டுப் போன பிறகு. மாமியார் வண்டி கூப்பிட ஓடினாள். அவனுக்கு வேறொரு கவலை. ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணிப் பயணம். அங்கே குழந்தை எப்போது பிறக்குமோ, மத்தியானமோ, சாயங்காலமோ. அதுவரைக்கும் மருந்து சூடாகிவிட்டால்? பின் தெருவிலிருந்த தொழிற்சாலைக்கு ஓடினான். மீன் வண்டிக்காரர்கள் தூர ஊருக்கு எடுத்துப் போகும்போது எப்படிக் கட்டித் தருவானோ அப்படியே கட்டினான். எவர்சில்வர் டப்பாவில் நொறுக்கின ஐஸ், அதன் மேல் ஒரு பிடி கல்லுப்பு, நடுவில் குப்பி, மேலே மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. உப்புப் போட்டால் குளிர் கூடும். அவன் கைக்குத் தெரிந்த வித்தை. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். வண்டி முழுக்க மருமகள் வலியில் அவன் கையை நசுக்கினாள். அவன் மற்றக் கையால் டப்பாவை அணைத்துக்கொண்டிருந்தான்.

குழந்தை அவனைக் காக்க வைக்கவேயில்லை. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிறந்துவிட்டது. பெண். நர்ஸம்மா குழந்தையின் மேலிருந்த ரத்தமெல்லாம் போகத் துடைத்துச் சுத்தம் செய்து, இடது தொடையில் முதல் ஊசியைப் போட்டார். பிறகு வெளியே வந்து, "அந்த இன்னொரு மருந்து எங்க?" என்றார்.

அவன் டப்பாவை நீட்டினான். பரிசு கொடுக்கிறவன் மாதிரி நீட்டினான்.

நர்ஸம்மா மூடியைத் திறந்தார். ஐஸுக்குள் விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார். "என்னய்யா இது, இப்படிக் கடிக்குது?"

"உப்புப் போட்டிருக்கேன் சிஸ்டர். சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கும்."

நர்ஸம்மா குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டுச் சாய்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"கல்லு மாதிரிதான் இருக்கு" என்றார்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குப்பியைக் கேட்டுக் கையை நீட்டினான். "உருகினா சரியாயிடும்ல சிஸ்டர்? கையில வெச்சு உருக்கிடறேன்."

"ஒரு தடவ உறைஞ்சா போச்சு. உருக்கினாலும் வேலை செய்யாது. உன்கிட்ட யாருமே சொல்லலியா?"

"சொல்ல வந்தா. நான்தான் கேக்கல." பிறகு, யாரிடமோ சொல்வது போல: "தினம் அதைத்தானே செய்யறேன். நல்ல தண்ணியை டப்பால ஊத்தி உப்புக்குள்ள இறக்கினா உறையும். எனக்குத் தெரியாதா? எல்லாரையும்விட எனக்குத்தானே தெரியும்?"

நர்ஸம்மாவுக்குக் கோபம் பாதியில் இறங்கிவிட்டது. மணியைப் பார்த்தார். "அழறதுக்கு நேரமில்ல. ராத்திரி ஒன்பதுக்குள்ள வேணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரு, போன் போடறேன்."

பெரிய ஊர் மருந்துக்கடையில் ஒன்று இருந்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர. டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் தடுப்பூசி கொண்டுபோகிற நீலப் பெட்டியைக் கொடுக்கச் சொன்னார். நர்ஸம்மா குளிர்பெட்டியிலிருந்து நாலு ஐஸ் பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் உறைந்த தண்ணீர்.

"குடுங்க சிஸ்டர், போறேன்."

"நில்லு. இது கொஞ்சம் உருகணும்."

"உருகணுமா?"

"மேல வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். அப்பதான் மருந்தை உறைய வெக்காது."

ஐஸ் உருகக்கூடாது என்று பதினோரு வருஷம் சாக்கும் மரத்தூளுமாகப் போராடினவன், அந்த மேஜை முன்னால் நின்று ஐஸ் உருகுவதற்காகக் காத்திருந்தான். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு பட்டையை எடுத்துக் காதருகில் குலுக்குவான், சத்தமில்லை, வைப்பான். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மறுபடி குலுக்குவான். அரை மணிக்கும் மேலாயிற்று. ஒன்று ஒன்றாக நாலும் சளக் சளக்கென்று சொன்னபோது அவன் கண்ணும் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் நடைக்கு வந்தாள். "என்னடா இது? என்ன மருந்து? எதுக்கு இந்த ஓட்டம்?"

"அவளைக் கேளும்மா. நான் வந்து உன் கால்ல விழறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ்ஸுக்கு ஓடினான்.

வார்டில் மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மருந்து உறைந்துபோன சேதியை நர்ஸம்மா சொல்லியிருந்தார். இரண்டு கையும் போர்வைக்குள். மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தா, வாங்கிக்கோ. வாயைத் தொறந்து தொறந்து மூடுறா பாரு. பசி."

"அவர் வரட்டும் அத்தை."

"அவன் வந்து? அவனா பால் குடுக்கப் போறான்?"

மருமகள் சிரிக்கவில்லை.

"ஏண்டி, பெண்ணாப் பொறந்துட்டான்னா? எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. மூக்கைப் பாரு, அப்படியே உன் மூக்கு. என் பையன் மூக்கு வந்திருந்தாத்தான் கவலைப்படணும்."

"என் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு அத்தை" என்றாள் மருமகள், சுவரைப் பார்த்தபடியே.

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா, ஆலை, ஜன்னல் மேடை டம்ளர், மாத்திரை, இப்போது உறைந்துபோன குப்பி. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "அந்த ஊசி போடுற வரைக்கும் இவளை நான் தொட மாட்டேன். எனக்கு எங்க அம்மாகிட்டேந்து வந்துச்சு. என்கிட்டேந்து இவளுக்குப் போகக்கூடாது."

 மாமியார் குழந்தையைப் பக்கத்துத் தொட்டிலில் கிடத்தினாள். எழுந்து வெளியே போனாள். செருப்புச் சத்தம் நடையில் தூரமாகிக்கொண்டே போயிற்று.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, அந்த டம்ளர், என்று நினைத்தாள். குழந்தை தொட்டிலில் சின்னதாகச் சிணுங்கியது. அவள் கை போர்வைக்குள்ளேயே முஷ்டியாயிற்று.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கூடவே இன்னொரு செருப்புச் சத்தமும், "விடுங்கம்மா, கையை விடுங்க, நானே வரேன்" என்று நர்ஸம்மாவின் குரலும்.

"சொல்லுங்க. இவகிட்டயே சொல்லுங்க. பால் குடுக்கலாமா, கூடாதா?" என்றாள் மாமியார். மூச்சு வாங்கியது.

"எத்தனை தடவ சொல்றது இந்தப் பொண்ணுகிட்ட? பால்ல வராது. கட்டிப் பிடிச்சா வராது, முத்தம் குடுத்தா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. ரத்தத்துலதான் வரும். குழந்தையைத் துடைச்சாச்சு, முதல் ஊசி போட்டாச்சு. ரெண்டாவது வந்துட்டே இருக்கு. அதுக்காகப் பால் காத்திருக்க வேண்டியதில்ல. மார்ல வெடிப்பு வந்து ரத்தம் கசிஞ்சா மட்டும் என்கிட்ட சொல்லு, பாத்துக்கலாம்."

"கேட்டியா?"

"கேட்டேன் அத்தை. ஆனா பயமா இருக்கு."

நர்ஸம்மா போய்விட்டார். மாமியார் நின்றுகொண்டே இருந்தாள். எதையோ கணக்குக் கூட்டுகிறவள் மாதிரி நெற்றி சுருங்கியது.

"ரத்தத்துலதான் வருமா?"

"ஆமா அத்தை."

"அதான் ஊசியைப் பூட்டி வெச்சியா?"

மருமகள் தலையை ஆட்டினாள்.

"அதான் நூல் கோத்துத் தர மாட்டேன்னியா? நாலு வருஷமா?"

"என் விரல் எல்லாம் குத்தின காயம் அத்தை. எது எப்ப கசியும்னு எனக்கே தெரியாது. உங்க ஊசியில பட்டு, அது உங்களைக் குத்தி..."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாடி?" மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் தையல் கோணலா இருக்கு, கிழவி கை நடுங்குது, இவ கை பட்டா ஊசி கெட்டுடும்னு நீ நெனக்கிறதா நெனச்சேன். நான் தூங்கினப்புறம் என் பொத்தானை எல்லாம் பிரிச்சு மறுபடி தைக்கிறியோன்னுகூட எண்ணிப் பாத்திருக்கேன். நீ என் கையிலேந்து பிடுங்கின அன்னிக்கு..."

"வயிறு சரியில்லன்னு படுத்தீங்களே அத்தை."

"வயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

 பிறகு மாமியார் குழந்தையைத் தூக்கினாள். "என்னை நாலு வருஷமாப் பொத்திப் பொத்திக் காப்பாத்தினவ, இவளைக் காப்பாத்த மாட்டியா? கையை வெளிய எடு."

மருமகள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். ஊசி குத்தின புள்ளிகள் நிறைந்த விரல்கள். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுக்காயம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நீட்டினாள். குழந்தையின் எடை கையில் விழுந்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; அது அழுகையா சிரிப்பா என்று மாமியாருக்கும் தெரியவில்லை. குழந்தை அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அதற்கு வேலை இருந்தது. தேடிப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு கடிகாரம்தான். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. "கடைக்கு வந்துட்டேன். குப்பியைக் கண்ணால பாத்துட்டேன்." ஒன்றேகாலுக்கு மறுபடி: "பஸ் ஏறிட்டேன். பெட்டி மடியில இருக்கு." மூன்று மணிக்கு: "ரயில்வே கேட்ல நிக்குது." மூன்றரைக்கும் அதே. மாமியார் போனைப் பிடுங்கி, "இறங்கி அந்தக் கேட்டைத் தூக்குடா" என்றாள்.

பஸ்ஸில் வெயில் பட்ட பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்கு இரண்டு தடவை இடம் மாறினான். பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்ன நடத்துநரிடம் முடியாது என்றான். பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, மீனா?" என்றார்.

"இல்ல சார். என் பொண்ணுக்கு மருந்து. இன்னிக்குத்தான் பொறந்தா."

அந்த மனிதர் அதற்கப்புறம் ஊர் வரும்வரை தன் கைக்குடையை விரித்து, பஸ்ஸுக்குள்ளேயே, பெட்டிமேல் பிடித்துக்கொண்டு வந்தார். கம்பி குத்துகிறது என்று முன் சீட்டுக்காரர் திட்டினார். விஷயம் தெரிந்ததும் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்கு அவன் நடையில் வந்தான். ஓடி வரவில்லை; குலுங்கிவிடுமோ என்று, தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடம் எடுத்து வருகிறவனைப் போல மெதுவாக நடந்து வந்தான். நர்ஸம்மா பெட்டியைத் திறந்தார். மாமியார் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சாய்ச்சுக் காட்டுங்க சிஸ்டர். ஓடுதா?"

நர்ஸம்மா குப்பியைச் சாய்த்தார். உள்ளே ஒரு சின்னக் குமிழி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு அழகாக நகர்ந்தது.

"ஓடுது."

குழந்தைக்கு வலது தொடையில் இரண்டாவது ஊசி. பிறந்து எட்டு மணி நேரம் முடிந்து சில நிமிஷம். நர்ஸம்மா நேரத்தைச் சீட்டில் எழுதினார். குழந்தை ஆஸ்பத்திரியே அதிர அழுதது. மருமகள் அதை மார்போடு அணைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். முதல் முத்தம். காலையிலிருந்து சேர்த்து வைத்தது.

அவன் கட்டில் கால்மாட்டில் நின்றான். "நீ சொல்ல வந்தப்ப நான் கேட்டிருக்கணும்."

"இனிமே கேப்பீங்கல்ல?"

"கேப்பேன்."

"அதுசரி" என்றாள் மாமியார். "கால்ல விழறேன்னியே, என்ன ஆச்சு?" அவன் நிஜமாகவே குனிய, "எந்திரிடா, நர்ஸம்மா சிரிக்கிறாங்க" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு திரும்பி, "சிஸ்டர், எனக்கும் ரத்தம் எடுங்க. கிருமி இல்லன்னா இவன் போட்டுக்கிட்ட அந்த மூணு ஊசியும் போடுங்க. இவங்க ரெண்டு பேருக்கும் அறிவு வர்ற வரைக்கும் நான் இருக்கணும்ல?" என்றாள்.

மாமியாருக்கு எதுவும் இல்லை என்று வந்தது. மூன்று ஊசி போட்டுக்கொண்டாள். குழந்தையின் அடுத்தடுத்த ஊசிகளுக்குத் தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தாள், ஒன்றுகூடத் தவறவில்லை. தெருவில் ஐஸ் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் எப்படியோ கேள்விப்பட்டு உப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக்கு யாராவது மருந்துக்கென்று ஐஸ் கேட்டு வந்தால், அவர்களை உட்காரவைத்து முழுக்கதையும் சொல்லாமல் விடுவதில்லை.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ரத்தம் எடுத்தார்கள். சீட்டு வந்த அன்று டாக்டரம்மா இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்துக் காட்டினார். முதல் வரி: கிருமி இல்லை. இரண்டாவது வரி: எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது. மருமகள் அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தாள். பிறகு மடித்து, அம்மாவின் பழைய படம் இருந்த பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். முன்னறையில் சட்டை மலை. குழந்தை பாயில் தவழ்ந்து நூல்கண்டு ஒன்றை உருட்டிக்கொண்டு போனது. மாமியார் கண்ணாடியை மேலே தள்ளி, நூல் நுனியை எச்சிலில் திரித்து, ஜன்னலைப் பார்த்து ஊசியைப் பிடித்தாள். ஒரு தடவை தப்பியது. இரண்டாவது தடவையும் தப்பியது.

மிஷின் நின்றது. மருமகள் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடுங்க அத்தை."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்களைப் பார்த்தாள். ஒன்றில் புதுசாக ஒரு பிளாஸ்திரி, நன்றாக ஒட்டியிருந்தது.

"எனக்கு மூணும் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு. அதுக்காகத்தானே இத்தனை நாள் காத்திட்டிருந்தேன்."

மாமியார் ஊசியைக் கொடுத்தாள். மருமகள் ஒரே தடவையில் கோத்தாள். அடுத்த ஊசியையும் வாங்கிக் கோத்தாள். மாமியாரின் சிவப்புப் பஞ்சுருண்டையில் இருந்த எல்லா ஊசிகளையும் கோத்து, நூல்கள் தொங்கத் தொங்க வரிசையாகக் குத்தி வைத்தாள். நீலப் பஞ்சுருண்டை மட்டும் பழையபடி இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. அதை மாமியார் கேட்கவுமில்லை.

"நூலை இவ்வளவு நீளமா விட்டுட்ட. சிக்கு விழும்" என்றாள் மாமியார்.

"வெட்டிடவா அத்தை?"

"வேணாம்" என்று பஞ்சுருண்டையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "இருக்கட்டும்."